பதவிக்கு ஆண்டு வரம்பு வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்றும், அங்குள்ள மாநில ஆளுநர்கள் பலருக்கும் இவ்வாறே வரம்பு உண்டு என்றும் படித்தேன். நம் புதுவையில் முதலமைச்சர் பதவிக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருந்தால் தேர்தல் எப்படி மாறும்? நமக்கு அது நன்மை தருமா?
— ஒரு விவசாயி, பாகூர்

பதில்: அன்பரே, தாங்கள் படித்தது மெய்யே. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை தொடர்ந்து வென்று, பதவியில் இருக்கும்போதே 1945இல் காலமான பிறகு, அந்நாட்டார் தங்கள் அரசியல் சட்டத்துக்கு 1951இல் 22ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து அந்த வரம்பை விதித்துக்கொண்டார்கள். ஆளுநர்களைப் பொறுத்தவரை மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. வெர்ஜீனியாவில் அடுத்தடுத்து இரண்டு தவணை இருப்பதற்கே இடமில்லை.

வரம்பு வந்தால் முதலில் மாறுவது போட்டியின் தன்மை. பதவியில் இருப்பவர், திறப்பு விழாக்களும் நாளேடுகளில் நாள்தோறும் வரும் படமும் தமக்குத் துணை நிற்க, மறுபடியும் களத்தில் இறங்குகின்ற தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கத் துணிபவர் சிலரே. அவர் நிற்கவே முடியாது என்று சட்டம் சொல்லிவிட்ட தேர்தலிலோ, அதுவரை காத்திருந்த அபேட்சகர்கள் எல்லாக் கட்சிகளிலிருந்தும் புறப்பட்டு வருகிறார்கள். இது நன்மைதான். ஆனால், திரும்பவும் வாக்குக் கேட்டு வர வேண்டிய அவசியம் அற்றுப்போன ஒருவர் தம் கடைசித் தவணையில் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். திமோத்தி பெஸ்லி, ஆன் கேஸ் என்னும் பொருளாதார அறிஞர் இருவர், 1950 முதல் 1986 வரை அமெரிக்க ஆளுநர்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட கட்டுரையில், மறுபடி நிற்க முடியாத ஆளுநர்களின் காலத்தில், விசேஷமாக டெமாக்ரடிக் கட்சியினரின் காலத்தில், வரியும் செலவும் கூடுவதைக் கண்டு சொன்னார்கள். மக்கள் முகத்தில் மீண்டும் விழிக்க வேண்டும் என்ற நினைப்பே ஆள்பவருக்குப் பெரிய கட்டுப்பாடு. அதைச் சட்டத்தாலேயே நீக்கிவிடுவது சாமானிய விஷயம் அன்று.

வரம்பை ஏய்க்கும் வழியும் உண்டு. அலபாமா மாநிலத்தில் ஜார்ஜ் வாலஸ் என்பவர், தாம் தொடர்ந்து நிற்கத் தடையாக இருந்த விதியை மாற்ற முயன்று, அது கைகூடாமற்போகவே, 1966இல் தம் மனைவி லர்லீனை நிறுத்தி வெற்றி பெறச் செய்தார். அதிகாரம் யார் கையில் இருக்கும் என்பது வாக்களித்தவர்களுக்கு முன்பே தெரியும். அந்த அம்மையார் 1968இல் பதவியில் இருக்கும்போதே நோயுற்று மறைந்தார். அதே ஆண்டில் விதி தளர்த்தப்பட, கணவர் 1970இல் திரும்பி வந்தார். நமக்கு அண்மையில் இலங்கையில் நடந்ததோ இதற்கு மாறானது. மகிந்த ராஜபக்ச 2010இல் 18ஆவது திருத்தத்தின் மூலம் இருமுறை வரம்பை அகற்றிவிட்டு, மூன்றாம் முறையாக 2015 ஜனவரியில் நின்றபோது, அவருடைய அமைச்சரவையிலேயே இருந்த மைத்திரிபால சிறிசேனவிடம் தோற்றார். வரம்பு அவ்வாண்டிலேயே 19ஆவது திருத்தத்தால் மீண்டும் வந்தது. சட்டம் செய்யத் தவறியதை அங்கே வாக்குச்சீட்டு செய்துவிட்டது.

நம் முறையோ இவற்றினின்றும் வேறானது. முதலமைச்சரை நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்றத்தின் நம்பிக்கை உள்ளவரையில்தான் அவர் இருக்க முடியும். 2021 பிப்ரவரி 22 அன்று வி. நாராயணசாமி பெரும்பான்மையை இழந்து ராஜினாமா செய்ததைத் தாங்களே கண்டிருப்பீர்கள். என். ரங்கசாமி 2001இலும் 2006இலும் முதலமைச்சராகி, 2008இல் தம் கட்சியாலேயே மாற்றப்பட்டு, தனிக்கட்சி கண்டு 2011இலும், பின்னர் 2021இலும் மக்களால் திரும்ப அழைக்கப்பட்டார். இருமுறை வரம்பு இருந்திருந்தால் கடைசி இரண்டு தீர்ப்புகளையும் மக்கள் வழங்கியிருக்கவே முடியாது. சிக்கிமில் சாம்லிங்கும் ஒடிசாவில் நவீன் பட்நாயக்கும் கால் நூற்றாண்டை நெருங்கிய பிறகு, முன்னவர் 2019இலும் பின்னவர் 2024இலும், எந்த வரம்பும் இன்றி வாக்காளர்களாலேயே இறக்கப்பட்டார்கள். ஆகையால் முதலமைச்சருக்கு ஆண்டு வரம்பு விதிப்பதை நான் ஆதரிக்கவில்லை.

ஆயினும் தங்கள் கேள்விக்குள் இருக்கும் மனக்குறையை நான் உணராமல் இல்லை. ஃபரூக், ராமச்சந்திரன், வைத்திலிங்கம், ரங்கசாமி என்று, போன முதலமைச்சர்களே திரும்பத் திரும்ப வந்த ஊர் இது. புதியவர் ஏன் வரவில்லை? வேறு மாநிலங்களில் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவராகி, ஒன்றியத்தில் பழகி, ஜில்லாவில் பெயரெடுத்துப் பிறகு சட்டமன்றத்துக்கு வருகிறார். நமக்கு அந்த ஏணியின் கீழ்ப்படிகளே இல்லை. ஸ்தல ஸ்தாபனங்களுக்கு 1968இல் ஒரு தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து 2006இல். அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்த பிறகு மறு தேர்தலுக்கான வழி இன்னும் பிறக்கவில்லை.

தங்கள் தெருவில் ஒரு விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, சில நாள் பொறுத்துப் பார்த்து, பிறகு ஒரு காலை வேளையில் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள். அங்கே உங்களுக்கு முன்பாகவே முதியோர் உதவித்தொகைக்காக ஒரு பாட்டியும், வாய்க்கால் அடைப்புக்காக நாலு பேரும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு தகப்பனும் நின்றுகொண்டிருப்பார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் தடைப்பட்டாலும் அதே வாசல்தான். சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்களே உள்ள தொகுதியில், இத்தனை உபகாரங்களும் ஒரே கையால் நடக்கும்போது, அந்தக் கைக்கு உரியவரை வெல்ல இன்னொருவர் எங்கிருந்து வருவார்? இந்த நிலையில் வரம்பை மட்டும் கொண்டுவந்தால், விலகுபவரின் தம்பியோ மகனோ, அல்லது பணம் மிகுந்த ஒருவரோ அந்த வாசலுக்கு வந்து சேர்வார்கள். முதலில் ஊருக்கு ஒரு தலைவர் வரட்டும். மேலே இருப்பவர்களுக்குப் போட்டி தானே பிறக்கும்.

கேள்வி: 2006இல் சில ஊர்களில் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் அலுவலகத்தில் கணவரே உட்கார்ந்திருப்பார். அடுத்த தேர்தலில் ஒதுக்கீடு வேறு ஊருக்குப் போய்விடும் என்றும் சொன்னார்கள். இதுவும் ஒருவகை வரம்புதானே?
— ஒரு சகோதரி, வில்லியனூர்

பதில்: ஆம், சகோதரி, சட்டத்தில் அந்தப் பெயரில் இல்லாவிட்டாலும் நடைமுறையில் அது வரம்புதான். நம் அரசியல் சட்டத்தின் 243 டி பிரிவு, தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கி, அந்த ஒதுக்கீடு ஊர்களிடையே சுழன்று வர வேண்டும் என்கிறது. நியாயம் கருதி வைத்த ஏற்பாடு அது. எனினும், ஒரு பெண்மணி பயந்து பயந்து முதல் இரண்டு ஆண்டுகளைக் கழித்து, கணக்கும் கோப்பும் கைவந்து, குடிநீர்த் தொட்டிக்கு யாரிடம் பேச வேண்டும், எந்த உத்தியோகஸ்தரிடம் எதை எழுத்தில் வாங்க வேண்டும் என்று தெளிந்து நிற்கும் நேரத்தில், பதவி பொதுவாகிவிடுகிறது. கட்சிக்காரர்கள் உடனே ஓர் ஆண் அபேட்சகரைத் தேடுகிறார்கள். ஐந்து ஆண்டுக்குள் போய்விடும் பதவிதானே என்ற எண்ணமே, அலுவலகத்தில் கணவர் உட்காருவதற்கும் ஒரு காரணம். லர்லீன் வாலஸின் கதையை மேலே சொன்னேன். கணவருக்காக மனைவி பெயர் கொடுப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல.

ஆனால் மனம் தளர வேண்டாம். மும்பை மாநகராட்சியில் 1997இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு 2002இல் பொதுவாகிவிட்ட வார்டுகளை ரிகில் பவ்னானி ஆராய்ந்து, ஒதுக்கீடே காணாத வார்டுகளை நோக்க அவற்றில் ஒரு பெண் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்ததை 2009இல் எடுத்துக்காட்டினார். ஒருமுறை பழகிய வாக்காளர் மறுமுறை தயங்குவதில்லை. தமிழ்நாட்டில் இந்தச் சுழற்சி பத்தாண்டுக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறார்கள். பதவியில் இருந்த பெண், தாம் செய்ததைச் சொல்லி இன்னொரு முறை வாக்குக் கேட்க அது இடம் கொடுக்கிறது. புதுவையும் அதையே மேற்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தேர்தல் இல்லாமலே ஆணையர் நிர்வாகத்தில் கொம்யூன் நடக்கத்தானே செய்கிறது? கட்சிச் சண்டை இல்லாமல் இருப்பது நல்லதல்லவா?
— ஒரு வாசகர், கீழூர்

பதில்: இக்கேள்வி கீழூரிலிருந்து வந்திருப்பது என் மனத்தை வருத்துகிறது. 1880இல் பிரெஞ்சு ஆணையால் முதன்முதல் அமைந்த பத்து கொம்யூன்களில் வில்லியனூரும் பாகூரும் இருந்தன. 1954 அக்டோபர் 18 அன்று தங்கள் ஊரில்தான், பிரதிநிதி சபையினரும் நகர, கொம்யூன் மன்றங்களின் உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கும் 8 பேர் அதற்கு எதிராகவும் வாக்களித்தார்கள். இந்தப் பிரதேசத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் உரிமை ஊர் மன்றத்தாருக்கு அன்று இருந்தது. இன்று ஒரு சாக்கடைக்குக் கல் பாவுவதைத் தீர்மானிக்கக்கூட ஊரார் தேர்ந்தெடுத்த ஒருவர் இல்லை.

ஆணையர்கள் நல்லவர்களாக இருக்கலாம், பலர் இருக்கிறார்கள். ஆனால் ஓர் ஆணையர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். மாற்றல் வந்தால் போய்விடுவார். பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை என்றும், அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்றும் அரசியல் சட்டத்தின் 243 இ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு அச்சட்டம் ஐந்து ஆண்டு என்று எல்லை கட்டியிருக்க, தேர்ந்தெடுக்கப்படாத நிர்வாகமோ 2011 முதல் எல்லையின்றி நீடிக்கிறது. 2021இல் 1,149 பதவிகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீட்டுச் சுழற்சியில் கோளாறு என்று வழக்கு வர, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பின்னர் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு பற்றிய சிக்கலில் மறு அறிவிப்பும் நின்றுபோயிற்று. தனி ஆணையம் அமைத்து, புள்ளிவிவரம் திரட்டி, மொத்த ஒதுக்கீடு பாதிக்கு மேற்படாமல் வகுத்தாலன்றி அந்த ஒதுக்கீடு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்ப்பளித்திருந்தது. அந்தக் கணக்கெடுப்பை முடித்துத் தருவது அரசாங்கத்தின் வேலை. சட்டமன்றத்துக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், அது எந்த மாதத்தில் முடியும் என்று தேதியோடு கேட்கத் தங்களுக்குப் பூரண உரிமை இருக்கிறது.