கரி தந்த ஒளி

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வட்டத்தில் அமைந்த ஊர் சாமல்பட்டி. அவ்வூர் நிலையத்து மேடையில் சிறிது நேரம் காத்து நிற்பார் ஒரு காட்சியைக் காண்பர். நீண்டதொரு சரக்கு வண்டி தெற்கு நோக்கி நிறைபாரத்துடன் மெல்லச் செல்லும். பெட்டிகள் ஐம்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் நிலக்கரி மேடு கட்டிக் கிடக்கும். வெள்ளாடை உடுத்தோர் கரித்தூளுக்கு அஞ்சி இரண்டடி பின்வாங்கி நிற்பர். வண்டி சென்றபின் அதனை யாரும் நினைப்பதில்லை. ஆயினும் அன்று மாலை வீட்டில் விளக்கேற்றும் நாம் அவ்வண்டியை மறத்தல் தகாது.

அக்கரி எங்கிருந்து வருகின்றது? ஒடிசா மாநிலத்துத் தால்ச்சேர் முதலிய கரிவயல்களில் அகழப்பெற்று, இருப்புப்பாதை வழியே பாரதீப் துறைமுகத்தை அடைகின்றது. அங்குக் கப்பலேறி வங்கக் கடலைக் கடந்து எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகின்றது. மீண்டும் புகைவண்டியேறிக் காட்பாடி, ஜோலார்பேட்டை, சாமல்பட்டி, சேலம், ஓமலூர் வழியாக மேட்டூர் அனல்மின் நிலையம் சேர்கின்றது. 'புகைவண்டி' என்று பழக்கத்தால் எழுதிவிட்டேன். இன்று அதில் புகையில்லை. கரியை இழுத்துச் செல்லும் எஞ்சினும் பெரும்பாலும் கரியிற் பிறந்த மின்சாரத்தாலேயே ஓடுகின்றது!

மேட்டூர் அனல்மின் நிலையம் 1987-ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கியது. 210 மெகாவாட் திறனுள்ள நான்கு பிரிவுகள் முதலில் அமைந்தன. 600 மெகாவாட் திறனுள்ள மற்றொரு பிரிவு 2013-இல் சேர்ந்தது. இத்திறனை எண்ணால் மட்டும் சொன்னால் மனத்திற் பதியாது. சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டுக் கரியைக் கொண்டு ஒரு யூனிட் மின்சாரம் ஆக்க ஏறத்தாழ 700 கிராம் கரி வேண்டும். 210 மெகாவாட் பிரிவு ஒன்று முழுத்திறனுடன் ஒரு நாள் ஓடினால் 50 இலட்சம் யூனிட் பிறக்கும். அதற்கு 3,500 டன் கரி எரியும். சாமல்பட்டியிற் கண்ட அந்த நெடிய வண்டி முழுவதும் ஏற்றிச் செல்லும் கரி, ஒரே ஒரு பிரிவுக்கு ஏறக்குறைய ஒரு நாளைய உணவு. மறுநாள் மற்றொரு வண்டி வந்தாக வேண்டும்.

மின் நிலையத்துள் கரி கட்டியாக எரிக்கப்படுவதில்லை. ஆலையில் மாவினும் நுண்ணிய பொடியாக அரைக்கப்பெற்று, சூடேறிய காற்றுடன் உலைக்குள் ஊதப்படுகின்றது. உலையைச் சூழ்ந்த குழாய்களில் ஓடும் நீர் ஆவியாகிறது. 500 பாகைக்கு மேல் வெம்மையேறிய அந்நீராவி, பெருவிசையுடன் பாய்ந்து சுழலியின் அலகுகளைத் தள்ளுகின்றது. சுழலி நிமிடத்துக்கு 3,000 முறை சுழல, அதனோடு பிணைந்த மின்னாக்கியில் மின்சாரம் பிறக்கின்றது.

கரி என்னும் சொல்லைப் பற்றியும் ஈண்டு ஒன்று கூற வேண்டும். தமிழில் அதற்குப் பொருள் பல. எரிந்த விறகு கரி, யானை கரி, சான்று கூறுபவனும் கரி. நிலக்கரிக்கு மூன்றாம் பொருளும் பொருந்துவதாகவே எனக்குத் தோன்றும். மாந்தர் தோன்றுமுன் செழித்திருந்த காடுகள் மண்ணுள் புதைந்து, அழுத்தமும் வெம்மையும் தாக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரியாயின. அக்காட்டின்மேல் அன்று விழுந்த கதிரவன் ஒளிக்கு இக்கரியே சான்று. நாம் எரிப்பது பண்டை வெயிலை.

கரியின் துணையின்றியும் நம் மாநிலம் முற்காலத்தில் மின்சாரம் ஆக்கியது என்பது உண்மை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் அணையடி நிலையம் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் இயங்கத் தொடங்கின. நீர்மின்சாரத்துக்கு எரிபொருட் செலவில்லை, புகையுமில்லை. ஆனால் மழை பொய்த்தால் அணை வற்றும். அணை வற்றினால் சுழலி நிற்கும். மழை பொய்த்த ஆண்டிலன்றோ உழவனுக்குக் கிணற்று நீர் மிகுதியும் வேண்டும்? வேண்டும்பொழுதே கிட்டாத துணையை நம்பி வேளாண்மை செய்வது எங்ஙனம்?

கவலை இறைத்த காலத்தை நான் சிறுவனாக இருந்து கண்டிருக்கின்றேன். விடியுமுன் எருதுகளைப் பூட்டுவர். அவை சரிவில் இறங்கக் கயிறு இழுபட்டுத் தோற்பறி நீருடன் மேலேறும். வாய்க்காலில் நீர் கொட்டியதும் எருதுகள் பின்னோக்கி ஏறும். முற்பகல் முழுவதும் உழைத்தாலும் நனைவது சிறு பாத்தி. எருதின் கழுத்து புண்படும். ஓட்டுபவன் குரல் கம்மும். ஒரு வீட்டுச் சிறுவன் மடை மாற்றுவதற்காகவே பள்ளிக்கு வாரான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே விழுந்த கோடுகளை அன்று யாரும் குறையாகக் கருதவில்லை. மின்விசைப் பம்பு வந்தபின் அச்சிறுவன் பள்ளிக்கு வந்தான். இன்று தமிழகத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின்இணைப்புகள் உள்ளன. வளரும் நாட்டுக்கு மின்சாரம் எதற்கு என்று கேட்பாருக்கு ஆலைகளைச் சுட்டுவதைவிட, அச்சிறுவனைச் சுட்டுவதே என் வழக்கம்.

தமிழகத்தின் மண்ணில் கரியே இல்லையோ என்று நீங்கள் வினவலாம். உண்டு. 1930-களின் நடுப்பகுதியில், தென்னார்க்காட்டு நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபொழுது கருநிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. முதலியார் அதனைப் பிறர் கவனத்துக்குக் கொண்டு சென்றதுடன், பின்னர்த் திட்டத்துக்கு நிலமும் வழங்கினார். காமராசர் முதலமைச்சராக விளங்கிய காலத்தில், 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-இல் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் நேரு பெருமகனார் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

தொடங்குதல் எளிதாயிற்று, கரியை அடைதல் எளிதாக இல்லை. கரிப்படுகைக்கு மேலே ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் கடினமான மணற்பாறையும் கிடந்தன. கீழேயோ, மேல்நோக்கி முட்டும் நிலத்தடி நீர். மேற்சுமையை நீக்கினால் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு நீர் சுரங்கத்துள் பொங்கிவிடும். ஆதலின் சுரங்கத்தைச் சுற்றிலும் குழாய்க்கிணறுகள் தோண்டி, அல்லும் பகலும் நீரை இறைத்து, அதன் அழுத்தத்தைத் தணித்த பின்னரே கரியை அகழ வேண்டியிருந்தது. சக்கரத்தில் வாளிகள் பொருத்திய பெரும் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1961-இல் கரி வெளிப்பட்டது. சோவியத் நாட்டு உதவியுடன் எழுந்த மின் நிலையத்தின் முதற்பிரிவு 1962-இல் இயங்கிற்று. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்த அந்நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. அதன் தொழிலைப் புதிய நிலையங்கள் ஏற்றுள்ளன.

நெய்வேலிக் கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம். அதனை வண்டியேற்றித் தொலைவுக்கு அனுப்பினால் நீரைச் சுமந்த கூலியே மிஞ்சும். ஆகையால் அக்கரி பெரும்பாலும் சுரங்கத்தின் அருகிலேயே எரிந்து, மின்சாரமாகிக் கம்பி வழியே செல்கின்றது. சாமல்பட்டி வழியே அது செல்லாமைக்கு இதுவே காரணம்.

இதற்கு மக்கள் கொடுத்த விலையையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. சுரங்கம் விரியும்தோறும் ஊர்கள் அகன்றன. நிலத்தடி நீர் தாழ்ந்ததென்று சுற்றுவட்டார உழவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். 2023 ஜூலையில், முன்னரே கையகப்படுத்தப்பட்ட நிலமாயினும், வளையமாதேவி அருகே நின்ற நெற்பயிரின்மீது கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. சட்டம் எப்பக்கமாயினும், கதிர்விட்ட பயிர் மண்ணில் மடிவதைக் கண்டு மனம் நோகாத தமிழர் இலர். வடக்கிலும் இவ்வாறே. 1774-இல் வங்கத்து ராணிகஞ்சில் தொடங்கிய இந்தியக் கரித்தொழில் உயிர்ப்பலி பல கொண்டது. கரிச்சுரங்கங்கள் 1972-லும் 1973-லும் நாட்டுடைமையாயின. அதன்பின்னும், 1975 டிசம்பர் 27-இல் சாஸ்நாலாச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர்.

அங்ஙனமாயின் கரியை விட்டுவிடலாமே என்பாருக்கு எம் வட்டாரமே ஒரு விடை தந்தது. 2008 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தமிழகம் மின்பற்றாக்குறையால் வாடிற்று. 2012-இல் சென்னை நீங்கலாகப் பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. ஓசூரின் பெரிய ஆலைகள் டீசல் மின்னாக்கிகளை ஓட்டிப் பிழைத்தன. அவற்றுக்கு உதிரிப்பொருள் செய்து தரும் சிறு பட்டறைகளால் அது இயலவில்லை. பட்டறை நின்ற நாளில் கூலியும் நின்றது. தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவத்தி ஏற்றிக் கொசுவை ஓட்டினர். எண்ணெய் எரித்தும் மின்சாரம் ஆக்கலாம். சாமல்பட்டியிலேயே 2001-இல், கன எண்ணெயால் இயங்கும் தனியார் மின் நிலையம் ஒன்று நூறு மெகாவாட்டைச் சற்றே கடந்த திறனுடன் எழுந்தது. ஆனால் கரியினும் எண்ணெய் விலைமிக்கது; அதனாற் பிறந்த மின்சாரமும் விலைமிக்கதே. பற்றாக்குறை தீர்ந்தது மேட்டூர், வல்லூர், வடசென்னை ஆகிய இடங்களில் புதிய அனல்மின் பிரிவுகள் இயங்கத் தொடங்கிய பின்னரே. காற்றாலைகளும் வடபுலத்தோடு இணைத்த மின்தொடர்களும் துணைசெய்தன.

கரி எரியும்போது எழும் கரியமில வாயு, வானைச் சூழ்ந்து புவியின் வெம்மையைப் பெருக்குகின்றது. இக்குற்றத்திற் பெரும்பங்கு முன்னரே வளர்ந்த நாடுகளுடையது. பொதுமக்களுக்குக் கரியால் மின்சாரம் ஆக்கத் தொடங்கிய நாடுகளுள் முன்னோடியான பிரிட்டன், 1882-இல் தொடங்கி 142 ஆண்டுகள் எரித்து உண்டு செழித்தபின், 2024 செப்டம்பர் 30-இல் தன் கடைசிக் கரிமின் நிலையத்தை மூடியது. நாமோ 2024-25-இல் ஆண்டுக்கு 100 கோடி டன்னுக்கு மேல் அகழும் நிலையை எட்டினோம். நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கரியினின்றே பிறக்கின்றது. 2070-க்குள் நிகர உமிழ்வை இல்லாதாக்குவதாக 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் நம் நாடு உறுதி கூறியுள்ளது. பிறர் செய்த பிழையை நாமும் முழுதும் செய்து தீர்க்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை. மெழுகுவத்திக்கு மீளவும் நமக்கு மனமில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும், இராமநாதபுரத்துக் கமுதியின் வெயிலும் இன்று மின்சாரமாகின்றன. பகலில் வெயில் காயும்போது அனல்மின் நிலையங்களின் வேலை குறைகின்றது. கதிரவன் மறையும் வேளைதான் இடர். வெயில் மின்சாரம் ஓயும் அந்நேரத்திலேயே வீடுதோறும் விளக்கும் விசிறியும் இயங்கத் தொடங்குகின்றன. பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் வழங்கும் பெரிய மின்கலங்கள் இப்பொழுதுதான் நிறுவப்பெற்று வருகின்றன. அவை பெருகும் அளவுக்குச் சாமல்பட்டி வழியே செல்லும் கரிவண்டிகள் குறையலாம். அதுவரை மேட்டூர் உலைகளுக்குக் கரி சென்றுகொண்டிருக்கும். சுமை இறக்கிய வெறும்பெட்டிகள் கடகடவென ஒலித்து வடக்கு நோக்கி மீண்டுகொண்டிருக்கும்.