நடுக்கள வீரர் கிரானிற் ஜாக்கா

உதைபந்தாட்டத்தில் பந்தை வலைக்குள் செலுத்தியவரின் பெயரே ஊரெங்கும் ஒலிக்கும். அப்பந்து அவரிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. பின்களத்தாரிடமிருந்து பந்தைப் பெற்று, தலை நிமிர்ந்து களம் முழுவதையும் நோக்கி, உரியவருக்கு உரிய கணத்தில் அனுப்புபவரே நடுக்கள வீரர். சுவிற்சர்லாந்தின் அத்தகைய வீரர் ஒருவரை மாணவர்கள் இங்கு அறிந்துகொள்வார்களாக.

கிரானிற் ஜாக்கா 1992ஆம் ஆண்டு பாசல் நகரிற் பிறந்தார். பெற்றோர் கொசோவோ அல்பேனியர். யூகோசுலாவிய அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்திற் கலந்துகொண்டமைக்காகத் தந்தை 1986இற் கைதாகி, மூன்றரை ஆண்டுகள் சிறையிலிருந்தார். அதன் பின்னரே குடும்பம் சுவிற்சர்லாந்தை வந்தடைந்தது. இத்தகைய இல்லங்களிற் பிள்ளைகள் எக்கதைகளைக் கேட்டு வளர்வர் என்பதை நம் பெற்றோருக்கு விளக்கவேண்டியதில்லை.

2009இல் நைஜீரியாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை வென்ற சுவிஸ் அணியில் அவரும் ஒருவர். பாசல் கழகத்திலிருந்து 2012இல் யேர்மனிக்கும், 2016இல் இலண்டன் ஆர்சனல் கழகத்துக்கும் சென்றார்.

2016 யூன் 11ஆம் நாள் பிரான்சின் லான்ஸ் நகரில் நிகழ்ந்ததை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் சுவிற்சர்லாந்தும் அல்பேனியாவும் மோதின. சுவிஸ் அணியில் கிரானிற். அல்பேனிய அணியில் அவருடைய அண்ணன் தௌலன்ற். தாயார் இரு நாடுகளையும் பாதி பாதியாகக் காட்டிய சட்டையை அணிந்து பார்வையாளரிடையே அமர்ந்திருந்தார். சுவிற்சர்லாந்து 1–0 என வென்றது. ஒரு நாட்டைத் தெரிந்தவர் மற்றதைத் துறந்தவரே என எண்ணுவோர் அச்சட்டையைக் கண்டிருத்தல் வேண்டும்.

2018 உலகக் கிண்ணத்தில் சேர்பியாவுக்கு எதிராகக் கோல் அடித்ததும், அவர் கைகளால் அல்பேனியக் கொடியின் கழுகைக் காட்டினார். அதற்காக 10,000 சுவிஸ் பிராங் தண்டம் விதிக்கப்பட்டது. அது தகுமா, தகாதா என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் வீட்டில் வாதிட்டுப் பார்க்கலாம்.

2019இல் ஆர்சனல் இரசிகர்கள் தம் அணித்தலைவரையே நோக்கிக் கூச்சலிட்டனர். சினமுற்ற அவர் சட்டையைக் கழற்றியபடி களத்தை விட்டகன்றார். தலைமைப் பதவி பறிபோனது. ஆயினும் அக்கழகத்தில் 2023 வரை ஆடினார்.

2021இல் புக்காரெஸ்ற் நகரில், உலகக் கிண்ணத்தை முன்னர் வென்றிருந்த பிரான்சிடம் சுவிஸ் அணி 1–3 எனப் பின்தங்கியது. ஒரு கோல் திரும்பிற்று. 90ஆம் நிமிடத்தில் நடுக்களத்திலிருந்து ஜாக்கா நேராக அனுப்பிய பந்தை கவ்ரானோவிச் கோலாக்கினார்; தண்ட உதைகளில் வெற்றி சுவிற்சர்லாந்துக்கு. அந்தப் பந்தை அனுப்பியவர் யார் என்று அன்று எல்லோரும் கேட்டனர்.

2023–24இல் லெவர்கூசன் கழகம் யேர்மன் தொடரின் 34 ஆட்டங்களிலும் தோல்வியின்றி முதலிடம் பெற்றபோது, அதன் நடுக்களத்தை ஆண்டவர் அவரே. அவ்வாண்டு யேர்மன் கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலும் அவருடையதே. 2025இல் இங்கிலாந்துக்கு மீண்டார். சண்டர்லாந்து கழகம் தன் அணித்தலைவர் பட்டியை அவர் கையில் அணிவித்தது.