மொனிட்டர் கேபிள்: எதற்கு எது?

புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ இருந்து கேபிள் வாங்க வவுனியாவுக்கு பஸ் ஏறுமுன், கணினியின் பின்புறத்தையும் மொனிட்டரின் பின்புறத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு முனைகளும் தெரியாமல் கேபிள் வாங்கினால் காசும் பயணமும் வீண்.

விஜிஏ: 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. 15 ஊசிகள், பெரும்பாலும் நீல நிறம், இருபுறமும் திருகாணி. இது அனலொக், சத்தம் வராது. கேபிள் நீளமாகவும் மலிவாகவும் இருந்தால் எழுத்து மங்கும்.

டிவிஐ: 1999இல் வந்தது, பெரும்பாலும் வெள்ளை. டிஜிட்டல் என்பதால் எழுத்து துல்லியம். மொனிட்டரில் இதுவும் விஜிஏயும் இருந்து, கணினியிலும் டிவிஐ இருந்தால் இதையே எடுங்கள்.

எச்டிஎம்ஐ: படமும் சத்தமும் ஒரே கேபிளில். 1920×1080 மொனிட்டருக்குச் சாதாரண கேபிளே போதும்; தங்கமுலாம் பூசியதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

டிஸ்பிளேபோர்ட்: ஒரு மூலை மட்டும் சரிந்திருக்கும். அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் பழைய கணினிகளில் இதைக் காணலாம். பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010இல் இரண்டு டிஸ்பிளேபோர்ட்டும் ஒரு விஜிஏயும் உண்டு, எச்டிஎம்ஐ இல்லை. கேபிளில் கொக்கி இருந்தால் அமத்திக்கொண்டு கழற்றுங்கள்.

யூஎஸ்பி-சி: எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் தராது. மடிக்கணினியின் விவரக்குறிப்பைப் பார்த்த பிறகே கேபிள் வாங்குங்கள்.

முனைகள் வேறுபட்டால்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மாற்றிகள் பெரும்பாலும் ஒருவழிப் பாதைதான். கணினியில் எச்டிஎம்ஐ, மொனிட்டரில் விஜிஏ என்றால் உள்ளே சிப் உள்ள சிறிய மாற்றி வேண்டும். கணினியில் விஜிஏ, மொனிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் அது வேறு சாமான். அதற்குப் பெரும்பாலும் யூஎஸ்பி மின்சாரமும் கொடுக்க வேண்டும். டிவிஐக்கும் எச்டிஎம்ஐக்கும் இடையே வெறும் கேபிள் போதும், ஏனெனில் இரண்டும் படத்தை ஒரே முறையில்தான் அனுப்புகின்றன.

அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளை மடிக்கணினிக்கு இரண்டாவது மொனிட்டர் தேடினால், எச்டிஎம்ஐ உள்ளதையே பாருங்கள். டிஸ்பிளேபோர்ட் கணினியை எச்டிஎம்ஐ மொனிட்டருடன் இணைக்கும் மலிவான கேபிள், எச்டிஎம்ஐ மடிக்கணினியிலிருந்து டிஸ்பிளேபோர்ட் மொனிட்டருக்கு வேலை செய்யாது.

வீட்டுக் கணினியிலும் மொனிட்டரிலும் விஜிஏ மட்டுமே இருக்கிறதா? மாற்றி எதுவும் வாங்க வேண்டாம். நல்ல, குட்டையான விஜிஏ கேபிள் ஒன்று பாடசாலை வேலைக்குத் தாராளம்.