சாவி யார் கையில்?
பல்கலைக்கழகத்திற்குப் புதிதாகப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பாதுகாப்புப் பாடம்



விடுதிக்குக் கிளம்பும் அன்று வீடே பரபரப்பாக இருக்கும். ரைஸ் குக்கர், ஊறுகாய் போத்தல், வாளி, தலையணை எல்லாம் காரில் ஏறும். கடைசி நேரத்தில் அப்பா கடைக்கு ஓடிப் போய் இரண்டு பூட்டு வாங்கி வருவார். "ஒன்னு அலமாரிக்கு, ஒன்னு பெட்டிக்கு. சாவிய யார்கிட்டயும் குடுக்காத" என்பார்.

யோசித்துப் பார்த்தால், அந்தப் பெட்டிக்குள் இருப்பது நாலு சட்டையும் இரண்டு புத்தகமும்தான். உங்கள் பி.டி.பி.டி.என். கடன் பணம், பாடப் பதிவு, தேர்வு முடிவு, குடும்பப் படங்கள் எல்லாம் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தப் பூட்டு வாங்குவது என்று அப்பாவுக்குத் தெரியாது. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். மாணவர்கள் ஏமாறும் சம்பவங்களில் பெரும்பாலும் யாரும் பூட்டை உடைப்பதில்லை. சாவியை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

1. நான் கொடுத்த சாவி

முதல் செமஸ்டரில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பணித்தாளை அனுப்பி முடிக்க இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. அப்போது ஒரு மின்னஞ்சல் வந்தது: "உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும்." பல்கலைக்கழகச் சின்னமெல்லாம் சரியாக இருந்தது. இணைப்பைத் தட்டினேன், பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டேன். பக்கம் வெறுமையாகிவிட்டது. 'சரி, லைன் பிரச்சினை' என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து விரிவுரையாளர் கூப்பிட்டுக் கேட்டார்: "என் கடவுச்சொல்லைக் கேட்டு நீங்கள் ஏன் மின்னஞ்சல் அனுப்பினீர்கள்?" என் பெயரில் அதே கடிதம் வகுப்பு முழுக்கப் போயிருந்தது. 'அண்ணன் அனுப்பியதுதானே' என்று நம்பி இரண்டு பேர் தங்கள் கடவுச்சொல்லையும் போட்டுவிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால் தெரிகிறது, அந்தக் கடிதத்தில் இருந்தது இரண்டே இரண்டு ஆயுதங்கள்: அவசரம், பயம். சில கடிதங்களில் மூன்றாவதாக ஆசை இருக்கும்: உதவித்தொகை, பகுதிநேர வேலை, இலவசப் பரிசு. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

இணைய முகவரியைப் படிக்கவும் பழகுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள பகுதிதான் தளத்தின் உண்மையான சொந்தக்காரர். உங்கள் பல்கலைக்கழகப் பெயர் முகவரியின் தொடக்கத்தில் இருந்து, அந்தப் பகுதியில் வேறு ஏதோ பெயர் இருந்தால் அது போலி. பூட்டுப் படம் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்லும். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அதற்குத் தெரியாது. மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தட்டாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போவதுதான் நல்லது.

2. ஐசி நம்பர் ரகசியம் இல்லை

புது மாணவர்களின் முதல் கடவுச்சொல்லாக மைகாட் எண்ணையே வைத்துக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். அதை மாற்றாமலே மூன்று வருடம் ஓட்டுகிறவர்களும் உண்டு. அது எவ்வளவு ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மைகாட் எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு, பிறந்த தேதி. அது உங்கள் இன்ஸ்டாகிராம் பிறந்தநாள் படத்திலேயே கிடைத்துவிடும். அடுத்த இரண்டு, பிறந்த மாநிலம்: பேராக் என்றால் 08, சிலாங்கூர் என்றால் 10. மிச்சம் நான்கு இலக்கம், அதாவது 10,000 வாய்ப்பு. அதிலும் கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆக மொத்தம் 5,000 வாய்ப்புதான் மிச்சம். தடுக்க எதுவும் இல்லையென்றால் ஒரு கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை.

சரி, அப்படியானால் எதை வைக்கலாம்? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைத் தேர்ந்தெடுங்கள். குடை, மாங்காய், ரயில், பாட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் தட்டினால் இருபது எழுத்தைத் தாண்டிவிடும். நினைவில் வைப்பது சுலபம், கண்டுபிடிப்பது கஷ்டம். (இதையே போட்டுவிடாதீர்கள், இந்த இதழை எல்லாரும் படிக்கிறார்கள்!)

ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் போடாதீர்கள். எப்போதோ விளையாடிய ஒரு தளத்திலிருந்து அது கசிந்தால், அதே மின்னஞ்சலோடு சேர்த்து மற்ற தளங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். இத்தனையையும் நினைவில் வைக்க முடியாதுதான். அதற்காகவே பாஸ்வேர்ட் மேனேஜர் செயலிகள் இருக்கின்றன. குறைந்தது மின்னஞ்சலுக்காவது தனிக் கடவுச்சொல் வையுங்கள். 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று எந்தத் தளத்தில் தட்டினாலும் பதில் மின்னஞ்சலுக்குத்தானே வருகிறது? மற்ற சாவிகள் எல்லாம் தொங்கும் சாவிக்கொத்து அது.

3. ஆறு இலக்க எண்

கடவுச்சொல் போனாலும் கணக்கைக் காப்பாற்றுவது இரண்டாவது பூட்டு. அமைப்புகளுக்குள் போய் இருபடிச் சரிபார்ப்பை முடுக்கிவிடுங்கள். மின்னஞ்சல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் இது உண்டு.

அந்தப் பூட்டின் சாவியையும் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "தம்பி, என் கோட் தப்பா உன் நம்பருக்கு வந்துருச்சு. கொஞ்சம் அனுப்பேன்" என்று உங்கள் மாமா எண்ணிலிருந்தே செய்தி வரும். மாமாவின் வாட்ஸ்அப் ஏற்கெனவே பறிபோயிருக்கும். அந்த எண்ணை அனுப்பினால் அடுத்து உங்களுடையது போகும். யார் கேட்டாலும், எந்தக் காரணம் சொன்னாலும் அந்த எண் உங்களைத் தாண்டிப் போகக்கூடாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏ.பி.கே. கோப்புகளையும் நிறுவாதீர்கள். உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து, வங்கி அனுப்பும் டி.ஏ.சி. எண்ணைத் திருடும் வேலையை அவை செய்யும். அதனால்தான் 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தி வழி எண் அனுப்பும் முறையைக் கைவிடுமாறு பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டது.

4. வங்கிக் கணக்கு வாடகைக்கு இல்லை

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

"மச்சான், உன் ஏ.டி.எம். கார்ட ஒரு மாசத்துக்குக் குடு. 500 வெள்ளி தரேன். உன் அக்கவுண்ட்லதான் காசே இல்லையே, உனக்கு என்ன நஷ்டம்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு வழியாகப் போகப் போவது யாரோ ஒரு பாட்டியின் இ.பி.எஃப். சேமிப்பாக இருக்கலாம். மோசடிக்காரனின் பெயர் எங்கும் இருக்காது. உங்கள் பெயரும் ஐசி நம்பரும்தான் இருக்கும். மலாயில் இதை 'அக்காவுன் கெல்டாய்' என்கிறார்கள். கெல்டாய் என்றால் கழுதை. அடுத்தவன் மூட்டையைச் சுமப்பதால் அந்தப் பெயர்.

2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, இப்படிக் கணக்கைக் கொடுப்பதைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிப்பது சிரமம். கணக்கு முடங்கும், வழக்கு வரும், படிப்பும் வேலையும் தடுமாறும். எல்லாம் 500 வெள்ளிக்காக. கேட்கிறவன் நெருங்கிய நண்பனாக இருந்தாலும், "முடியாதுடா" என்று சொல்லுங்கள்.

வெளியே அறை வாடகைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், பெறுபவரின் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தேடிப் பாருங்கள். புகார் இருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம். அறையை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

5. புதுப்பித்தலும் நகலும்

2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்ற நச்சுநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். ஆகவே 'அப்டேட்' என்று வந்தால் அன்று இரவே போட்டுவிடுங்கள்.

திருட்டு மென்பொருள் வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் மைக்ரோசாஃப்ட் மென்பொருளை மாணவர்களுக்கு இலவசமாகவே தருகின்றன, கேட்டுப் பாருங்கள். பணித்தாள்களுக்கு ஒரு நகல் இணையச் சேமிப்பிலும் இன்னொன்று விரலியிலும் இருக்கட்டும்.

6. ஏமாந்துவிட்டால்?

வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். திருடிய பணத்தைச் சில நிமிடங்களிலேயே கணக்கு கணக்காக மாற்றிவிடுவார்கள். ஆகவே வெட்கப்பட்டு வீணாக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குத்தான் லாபம்.

• உடனே உங்கள் வங்கியை அழையுங்கள், அல்லது 997. இது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்.
• வங்கிச் செயலியில் கணக்கை முடக்கும் 'கில் சுவிட்ச்' இருந்தால் அதை அழுத்துங்கள்.
• மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள்.
• செய்திகளை அழிக்காதீர்கள். படம் பிடித்து வைத்து, போலீஸ் புகார் செய்யுங்கள்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி யாராவது மிரட்டினாலும் இதேதான். பணம் அனுப்பாதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். நம்பிக்கையான ஓர் அக்காவிடமோ அண்ணனிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். திட்டு விழலாம், பரவாயில்லை. தனியாக உட்கார்ந்து அழுவதைவிட அது மேல்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. பல்கலைக்கழகம் கொடுத்த முதல் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.
2. மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டாவது பூட்டைப் போடுங்கள்.
3. 997ஐயும் உங்கள் வங்கியின் எண்ணையும் கைப்பேசியில் சேமியுங்கள்.

கலந்து பேச

1. அறைத்தோழன் உங்கள் ஏ.டி.எம். கார்டைக் கேட்கிறான். நட்பும் கெடாமல், கார்டும் கொடுக்காமல் எப்படிப் பதில் சொல்வீர்கள்?
2. உங்கள் தம்பியோ தங்கையோ ஏமாந்துபோய் உங்களிடம் வந்தால், முதல் வார்த்தை என்ன சொல்வீர்கள்?

கடைசியாக ஒன்று. தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது அப்பா, அம்மா கைப்பேசியையும் வாங்கிப் பாருங்கள். உங்கள் பெட்டிக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தவர் அப்பா. அவர் கைப்பேசிக்கு அந்த இரண்டாவது பூட்டை நீங்கள் போட்டுக் கொடுங்கள்.