மெல்லிய தகடுக்கு எந்த மிக் வெல்டர்?

கையில தூக்கிட்டுப் போற மிக் வெல்டர் வாங்கும்போது பலரும் முதல்ல பார்க்கிறது "200 ஆம்பியர்"ங்கிற எண்ணைத்தான். 1 மி.மீ. தகடுக்கு 40 ஆம்பியர் பக்கம் போதும். அதனால கரண்ட்டைக் குறைச்சாலும் ஆர்க் நிலையா நிக்குதான்னு பாருங்க. கம்பி 0.6 அல்லது 0.8 மி.மீ.

அடுத்தது காத்து. ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாலையைச் சுத்துற அதே ஆடிக்காத்துல, சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெல்ட் அடிச்சா கேஸ் கலைஞ்சு ஜாயின்ட் முழுக்கப் பொத்தல்தான். அங்க கேஸ் தேவைப்படாத ஃப்ளக்ஸ் கோர் கம்பி வேணும். அதுக்கு டார்ச் நெகட்டிவ்ல இருக்கணும். கேஸ் கம்பிக்குப் பாசிட்டிவ். போலாரிட்டி மாத்த முடியாத மெஷின் எவ்வளவு லேசா இருந்தாலும் வேண்டாம். (1 மி.மீ.க்குக் கீழ ஃப்ளக்ஸ் கோர் சுலபமா ஓட்டை போட்டுடும். அதைப் பட்டறைக்குள்ள கேஸ்லயே அடிங்க.)

ஜி.ஐ. பைப்னா துத்தநாகப் பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு அடிங்க. அந்தப் புகையை இழுத்தா ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும்.