பாய்ச்சல் நீரில் நுண்ணுயிர்கொல்லி மருந்து: அறிதலும் தடுத்தலும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியிலுள்ள நாலந்தாப் பகுதியில் நெல்லும் மரக்கறியும் பயிராகின்றன. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், சுதுகங்கை, அம்பன்கங்கை வழியாக அருகிலுள்ள போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கிருந்து சுரங்கவழியாகக் கலாவாவி நோக்கிச் செல்கின்றது. ஆகவே மேட்டில் நீரிற் கலக்கும் பொருள் பள்ளத்திலுள்ள கமக்காரரையும் சென்றடையும். அத்தகைய பொருள்களுள் கண்ணுக்குப் புலப்படாதது நுண்ணுயிர்கொல்லி மருந்தாகும்.

நீரை அடையும் வழி

மனிதருக்கும் கோழி, கால்நடைகளுக்கும் கொடுக்கப்படும் இம்மருந்துகளின் கணிசமான பங்கு சிதையாமலே கழிவுடன் வெளியேறுகின்றது. பச்சைக் கோழியெருவைப் பாத்தியிலிட்டபின் பெருமழை பெய்யின், எருவிலுள்ள மருந்து வாய்க்காலை அடையக்கூடும். வைத்தியசாலை, மீன்பண்ணை, மருந்துத் தொழிற்சாலை ஆகியவற்றின் கழிவுநீரும் இதற்கு வழியாகும்.

பட்டான்செரு தரும் பாடம்

ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டான்செருவில் ஏறக்குறைய 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைப் பெற்ற சுத்திகரிப்பு நிலையமொன்றின் வெளியேறு நீர் ஆராயப்பட்டு, 2007 இல் முடிவு வெளியாயிற்று. சிப்புரோபுளொக்சசின் என்னும் மருந்து அந்நீரில் இலீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை காணப்பட்டது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்திலுள்ள உச்ச அளவையும் இது மிஞ்சியது. பல மருந்துகள் கலந்த அவ்வெளியேறு நீரை 500 பங்கில் 1 பங்காக ஐதாக்கித் தவளையின் வாற்பேய்களை வளர்த்தபோது, அவற்றின் வளர்ச்சி ஏறக்குறைய 40 சதவீதம் குன்றியமை 2009 இல் அறிவிக்கப்பட்டது.

வயலுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நேரும் தீங்கு

வயல் நீரிலுள்ள நீலப்பச்சை அல்காக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு அளிப்பவை. நெல்வயலில் அவை ஆற்றும் இப்பணியைப் பி. கே. டே என்பார் 1939 இல் எடுத்துக்காட்டினார். இவை உண்மையில் பற்றீரியா இனத்தைச் சேர்ந்தவை. ஆதலின் பற்றீரியாவைக் கொல்லும் மருந்து இவற்றையும் தாக்கும். இவை குன்றின் கமக்காரர் விலையின்றிப் பெறும் பசளையும் குன்றும். மீனின் குடலிலுள்ள நன்மை தரும் பற்றீரியாக்களும் பாதிப்புறும். மேலும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகுமாயின், கோழிக்கோ குழந்தைக்கோ நோய் வரும்போது அதே மருந்து பயன்படாது போகலாம்.

குளத்தில் மீன்கள் திடீரென இறந்து மிதப்பின், அதற்கு ஒட்சிசன் குறைவோ பூச்சிநாசினியோ காரணமாதலே பெரும்பான்மை. நுண்ணுயிர்கொல்லியின் தீங்கு பெரும்பாலும் மெல்லவும் மறைவாகவும் நிகழ்வது.

கண்டறியும் முறை

நிறம், மணம், சுவை ஆகியவற்றால் இம்மருந்தை அறிதல் இயலாது. நீர் மாதிரியைத் தூய கபிலநிறக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, பனிக்கட்டியிடையே வைத்து, விரைவில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் வேண்டும். வெயில் சில மருந்துகளைச் சிதைக்குமாதலால் ஒளி படலாகாது.

ஆய்வுகூடத்தில் பற்றீரியா பரப்பிய ஏகார்த் தட்டின்மீது, அந்நீரில் தோய்த்த காகித வட்டை வைப்பர். மறுநாள் வட்டைச் சுற்றிப் பற்றீரியா வளராத தெளிந்த வளையம் காணப்படின், அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் நீரில் உண்டெனக் கொள்ளலாம். மிகச் சிறிய அளவை இம்முறை காட்டாது. அதற்கு நீரிலுள்ள மருந்தைச் செறிவாக்கி, பொருள்களைப் பிரித்து அவற்றின் திணிவை அளக்கும் கருவிகளால் இன்ன மருந்து, இவ்வளவு எனத் துணிவர்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. கோழியெருவை வைக்கோல், இலைகுழையுடன் சேர்த்துக் குவித்து, ஈரம் காத்து, இடையிடையே புரட்டி, நன்கு மக்கியபின் இடுக. மக்குதல் பல மருந்துகளைக் குறைக்கும், முற்றாக நீக்காது.
2. எருக்குவியலை வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் தொலைவில் மேட்டுநிலத்தில் அமைத்து, சுற்றி வரம்பிட்டு, மழைக்கு மூடிவைக்க.
3. மழை வரும் அறிகுறி தோன்றுகையில் எரு இடற்க.
4. மிருக வைத்தியர் கூறாத மருந்தைக் கோழிக்கோ கால்நடைக்கோ கொடாதொழிக.
5. எஞ்சிய மருந்தையும் வெற்றுப் போத்தலையும் வாய்க்காலில் எறியவோ கழுவவோ வேண்டா.

ஐயமெழும்போது விவசாயப் போதனாசிரியரை நாடுக. வாய்க்காலிற் கலந்த மருந்தைத் திரும்ப எடுத்தல் கமக்காரரால் ஆவதன்று. கலவாமற் காத்தலோ அவரவர் வரம்பிலேயே ஆகும்.