மருந்து பட்ட கை

சொந்தக் காணியை விட்டு பன்விலப் பக்கம் வந்திருக்கும் குடும்பங்களுக்கு இங்கே முதலில் கிடைப்பது நாட்கூலி வேலைதான். தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிப்பது, பிறருடைய தோட்டத்தில் போஞ்சிக்கும் தக்காளிக்கும் மருந்தடிப்பது, அது இல்லாத நாளில் சீமெந்து குழைப்பது. ஊரில் கமம் செய்தபோது மருந்தை நீங்களே வாங்கினீர்கள், போத்தலையும் பெயரையும் அறிந்திருந்தீர்கள். இங்கேயோ பெரும்பாலும் கலக்கிய வாளிதான் கைக்கு வருகிறது. ஆகவே "கை எரிகிறதே, இது என்ன மருந்து?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. எரிந்த கையோடு மறுநாள் வேலைக்குப் போனால் புண் வளரும், போகாவிட்டால் கூலி இல்லை. இந்த இதழில் அதைப் பற்றியே படிப்போம்.

ஓர் இரசாயனம் தோலை எரிக்குமா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 1944இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜோன் டிரெய்ஸ் என்பவரும் அவருடைய சக ஊழியர்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். முயலின் முதுகில் மயிரை மழித்து அங்கே மருந்தை வைத்துப் பார்ப்பது அந்த முறை. பின்னர் அது சீராக்கப்பட்டது. அரை மில்லிலீற்றர் மருந்து நான்கு மணி நேரம் தோலில் இருக்கும். எடுத்த பின் 1, 24, 48, 72 மணி நேரங்களில் பார்த்து, சிவப்புக்கும் வீக்கத்துக்கும் 0 முதல் 4 வரை புள்ளி இடுவார்கள். சராசரி 2.3ஐ எட்டினால் அது 'எரிவூட்டி'. பதினான்கு நாள் வரை பார்த்தும் ஆறாமல் தோல் அழிந்து தழும்பாகிவிட்டால் அது 'அரிக்கும் பொருள்'. இப்போது முயலுக்குப் பதிலாக, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட மனிதத் தோற்படலத்தில் சோதிக்கும் முறை 2010 முதல் சர்வதேச அளவில் ஏற்கப்பட்டுள்ளது. மருந்தைத் தடவிக் கழுவி, 42 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது பாதி அல்லது அதற்கும் குறைவான கலங்களே உயிரோடிருந்தால் அது எரிவூட்டி.

இந்தச் சோதனைகள் பயனுள்ளவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே தோல் முழுமையானது, மருந்து ஒன்றே, படுவதும் ஒரே ஒரு தடவை. மலையில் நிற்பவரின் தோலோ வியர்வையில் ஊறியது, தேயிலைக் குச்சி கீறியது, அட்டை கடித்தது. மூடி சரியில்லாத டாங்கியிலிருந்து ஒழுகும் மருந்து முதுகிலும் இடுப்பிலும் துணியோடு ஒட்டிக்கொண்டு மாலைவரை இருக்கும். மறுநாளும் அதே துணி. எனவே லேபலில் எழுதியிருப்பதை ஆகக் குறைந்த எச்சரிக்கை என்றே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லேபலில் நிறப்பட்டி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சிவப்பு என்றால் எரியும், பச்சை என்றால் எரியாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறங்கள் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டைத் தழுவியவை. எவ்வளவு மருந்து உயிரைப் பறிக்கும் என்பதையே அவை சொல்கின்றன, தோலைப் பற்றி அல்ல. மரக்கறிக்கு அடிக்கும் மன்கோசெப் அந்த வகைப்பாட்டில் மிகக் குறைந்த ஆபத்துள்ள பிரிவில் இருக்கிறது. ஆனாலும் அது தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்று நன்கு தெரிந்த மருந்து. தோலுக்கு உள்ள ஆபத்தை அறிய, சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்தைத் தேடுங்கள். உள்ளே ஆச்சரியக்குறி இருந்தால் எரிவோ ஒவ்வாமையோ உண்டாகலாம். திரவம் ஊற்றிக் கை அரிக்கப்படுவதாகப் படம் இருந்தால் கூடுதல் ஆபத்து.

எரிவும் ஒவ்வாமையும் ஒன்றல்ல. எரிவு, பட்ட இடத்தில், போதிய அளவு பட்ட எவருக்கும் வரும். வேலையை நிறுத்தினால் ஆறும். ஒவ்வாமை சிலருக்கே வரும். முதல் தடவை ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள், துளி பட்டாலும் ஓரிரு நாள் கழித்துக் கொப்புளமும் அரிப்பும் பட்ட இடத்தைத் தாண்டிப் பரவும். அது பெரும்பாலும் ஆயுள் முழுதும் போகாது. புறங்கையில் ஒரு துளி விட்டு "காரமா?" என்று பார்க்கிற பழக்கத்தை அதனால்தான் கைவிடச் சொல்கிறோம். எரியவில்லை என்பதும் நல்ல சகுனமல்ல. ஓகனோபொஸ்பேற் வகை மருந்துகள் அரிப்பே இல்லாமல் தோல் வழியாக உடலுக்குள் போகும்.

பரகுவாட் என்ற களைகொல்லியைத் தோட்டத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிரமொக்சோன் என்றால் எல்லோருக்கும் தெரியும். செறிவான மருந்து பட்ட நகம் வெளிறி, சில வேளை கழன்றே விழும். ஒழுகும் டாங்கி முதுகில் புண்ணாக்கும். அந்தப் புண் வழியே மேலும் நஞ்சு ஏறும். இலங்கையில் 2008 முதல் அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அதை அருந்தி மாண்டவர்களே அதற்கு முதற் காரணம், தெளித்தவர்களின் கை அல்ல. மலேசியாவில், நம்மைப்போன்ற தமிழ்ப் பெண்கள் பலர் தோட்டங்களில் மருந்தடித்து வந்த நாட்டில், 2020இல்தான் தடை முழுமையானது. பழைய போத்தல் எங்காவது மூலையில் இருந்தால் தொடாதீர்கள். விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.

சீமெந்தும் ஓர் இரசாயனமே. ஈரச் சீமெந்து கடுமையான காரம். படும்போது வலிக்காது, சில மணி நேரத்தின் பின்பே முழங்காலும் பாதமும் வெந்து தெரியும். அதிலுள்ள குரோமியம் ஒவ்வாமையையும் தரும். சப்பாத்துக்குள் சீமெந்துத் தண்ணீர் போனால் வேலை முடியும்வரை பொறுக்கவேண்டாம், உடனே கழற்றிக் கழுவுங்கள்.

மருந்து பட்டால் உடுப்பைக் களைந்து, பீலித் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவுங்கள். தேங்காயெண்ணெய், பற்பசை, தேசிக்காய் எதுவும் பூசவேண்டாம். டாங்கியை ஓடையில் கழுவாதீர்கள், கீழே அதைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கையுறை நல்லது. ஆனால் ஓட்டைக் கையுறை கையுறை இல்லாததைவிடக் கெட்டது, மருந்தை உள்ளே பூட்டி வைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது லேபலையோ, லேபல் இல்லாவிட்டால் அதன் பெயரை எழுதிய துண்டையோ கொண்டுபோங்கள். பெயர் தெரியாவிட்டால் வைத்தியரும் ஊகித்துத்தான் பார்க்க வேண்டும்.

இதற்காகத்தான் வாளியைக் கையில் வாங்குமுன் போத்தலைக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். கேட்டால் நாளைக்கு வேலை தரமாட்டார்கள் என்ற பயம் நமக்குத் தெரியும். தனியாகக் கேட்பவருக்கே அந்தப் பயம் அதிகம், நான்கைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத, லேபல் இல்லாத மருந்தை விற்க முடியாது. சாராயக் கால் போத்தலில் ஊற்றிக் கொடுப்பதும் அதில் அடங்கும். அந்தச் சட்டத்தை நடத்தும் பீடைகொல்லிப் பதிவாளரின் அலுவலகம் தூரத்தில் இல்லை, பேராதனைக் கெட்டம்பையில் இருக்கிறது. கடிதம் தமிழிலேயே எழுதலாம். எழுத உதவி வேண்டுமானால் எம்மிடம் வாருங்கள்.